நாலு கோடு போதும்

வண்டி நின்ற இடத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் பாத்திகளில் பட்டுத் திரும்பி நேராக என் கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். கைப்பிடிக்கு நடுவில் இருக்கும் சின்னத் திரையில் கடைசிக் கோடு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு அணைந்துபோனது.

"ஏளா, இரு, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று வண்டியிடம் கெஞ்சினேன். எங்கள் ஊரில் பெண்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி அதையும் நான் 'ஏளா' என்றுதான் கூப்பிடுவது. அது கேட்கவில்லை.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் என்னைக் கடக்கும்போது சக்கர நாற்காலியோடு சேர்த்து ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதட்டில் உப்புக் கரித்தது. போன் மடியில் இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டால் இருபது நிமிடத்தில் வந்துவிடுவான். ஆனால் கூப்பிட்டால் என் வேலை போய்விடும்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் டாக்குமென்ட் பார்க்கிறவள். ஊருக்குள், வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்த ஆபீஸ் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து துறைமுகத்துப் பக்கம் மாறுகிறது என்று சொல்லிவிட்டார்கள். "உங்களுக்கு அங்க வர முடியுமாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மேனேஜர். யோசிக்காமல் "வருவேன் சார்" என்றேன். வீட்டில் அண்ணன் யோசிக்காமல் "வேண்டாம்" என்றான். ஒன்பது கிலோமீட்டர், லாரி ரோடு, வேலையை விட்டுவிட்டுக் கடையில் கல்லாவில் உட்கார் என்றான்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, தோழி வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, புது ஆபீஸ்வரை ஒரு வெள்ளோட்டம் பார்க்கக் கிளம்பினேன். போகும்போது ஜோராகப் போனேன். பூட்டியிருந்த ஆபீஸ் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில் இப்படி ஆயிற்று.

மக்ரூனும் நானும்

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்ததை இந்தத் தொடரின் முதல் வாரத்திலேயே சொல்லி, அழுகையை அன்றோடு முடித்துவிட்டேன். மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை. இந்த வாரம் பேட்டரியைப் பற்றி.

என் வண்டி என்பது சக்கர நாற்காலிதான். முன்னால் ஒரு மோட்டார் சக்கரமும் கைப்பிடியும் மாட்டிக்கொள்ளலாம். மாட்டினால் ரோட்டில் வண்டி, கழற்றினால் வீட்டுக்குள் நாற்காலி. மோட்டாரோடு சேர்ந்தே மாட்டிக் கழற்றுகிற ஒரு பேட்டரிப் பெட்டி காலுக்குக் கீழே. திரையில் ஐந்து கோடு. புதிதில் ஐந்து கோட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடியது.

வண்டி வந்த வாரம் நான் முதன்முதலில் தனியாகப் போன இடம் கோயில் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பேக்கரிக்குத்தான் போனேன். கால் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு ரோச் பூங்கா பக்கம் போய், கடலைப் பார்த்தபடி ஒன்று மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தேன். விரலெல்லாம் முந்திரி வாசம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆன பிறகு, "போவமாளா? நேரமாச்சு" என்று பின்னால் யாரும் கேட்காத அரை மணி நேரம் எனக்கு அன்றுதான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பசிக்கவில்லை என்று சொன்னதும் மதினி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பின்னால் நின்று கேட்கிறவன் எப்போதும் அண்ணன்தான். என்னைவிட எட்டு வயது மூத்தவன். நாற்காலியின் பின் கைப்பிடியில் அவன் கை இருந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டு வாசல்படியில் நானாக ஏறுவதற்காகச் சிமென்டில் சரிவு கட்டியவனும் அவன்தான், அந்தச் சரிவில் ஒரு நாள்கூட என்னை நானாக ஏற விடாதவனும் அவன்தான்.

நிறைந்தே இருக்க வேண்டும்

உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து வந்து தூத்துக்குடியில் பலசரக்குக் கடை போட்ட குடும்பம் எங்களுடையது. கடைக்காரன் வீட்டில் எதுவும் குறைந்து தெரியக்கூடாது. உப்பு ஜாடி கழுத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. அரிசி டிரம்மின் அடி கண்ணில் படக்கூடாது. கடையில் ஒரு சரக்கு தீர்ந்துபோனால்கூட "இல்லை" என்று அண்ணன் வாயால் வராது. "நாளைக்கு வருது" என்றுதான் சொல்லுவான்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். கால் கழுவி, விளக்குக்கு எண்ணெய் நிறைத்து, உப்பு ஜாடியில் ஒரு கை போட்டு மேலே தட்டி, குடிதண்ணீர்க் குடத்தை எட்டிப் பார்ப்பான். இந்தச் சடங்கில் என் பேட்டரியும் முதல் நாளிலேயே சேர்ந்துகொண்டது. எண்ணெய், உப்பு, தண்ணீர், சார்ஜர்.

வண்டியில் எத்தனை கோடு இருக்கிறது என்றெல்லாம் பார்க்கமாட்டான். நான் அப்போதுதான் ஊர் சுற்றிவிட்டு வந்து, பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருந்தாலும், சொருகிவிடுவான். கழற்றிய முன்பாகம் நிற்பது பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே. கடல் காற்று பட்டால் துருப் பிடிக்கும் என்று மேலே ஒரு பழைய ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போர்த்துவான். காலையில் நான் கிளம்பும்வரை சார்ஜர் அப்படியே கிடக்கும். லீவு நாளில் நாள் பூராவும் கிடக்கும். வெள்ளிக்கிழமை பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் உண்டு.

இந்த வைத்தியத்துக்கெல்லாம் அவனுக்கு ஒரு சாட்சி இருந்தது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி. ஒன்பது வருடமாக உழைக்கிறது. மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முனைகளில் வாசலின் தடவி, முழு சார்ஜிலேயே வைத்திருப்பான். தெருவில் யார் வீட்டு இன்வெர்ட்டர் படுத்தாலும் "அண்ணாச்சிட்ட கேளு" என்பார்கள். பேட்டரி என்றால் எல்லாம் பேட்டரிதானே என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு வருடம் போவதற்குள் இருபத்தைந்து கிலோமீட்டர் இருபதாகி, இருபது பதினேழாகியது. வயதாகிறது போல என்று இருந்துவிட்டேன். அண்ணன் இன்னும் அக்கறையாகச் சார்ஜ் போட்டான். அன்று, போக வரப் பதினெட்டு கிலோமீட்டரையும் எப்படியாவது இழுத்துவிடும் என்று நம்பிப் போய், உப்பளத்து ரோட்டில் பதினாலாவது கிலோமீட்டரில் நின்றேன்.

ரோசம்மாவின் ஃபேன்

ஒரு உப்பு லாரி நின்றது. கிளீனர் எட்டிப் பார்த்து, "அக்கா, தூக்கி மேல ஏத்திக்கிடவா?" என்றார். நல்ல மனிதர். ஆனால் தூக்குவது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தேன். கொஞ்ச தூரத்தில் ஓலைப்பந்தல் போட்ட ஒரு டீக்கடை தெரிந்தது. அங்கே போய்ச் சேருவதற்குள் உள்ளங்கை எரிந்தது.

கடையில் ஒரு பெண் மட்டும் இருந்தாள். கழுத்தில் ஜெபமாலை, நாற்பது வயது இருக்கும். பெயர் ரோசம்மா என்று பிறகு தெரிந்தது.

"தங்கச்சி, கொஞ்ச நேரம் சார்ஜ் போட ஒரு பிளக் கெடைக்குமா?"

அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "ஒண்ணுதான் இருக்கு யக்கா. ஃபேன் ஓடுது. ஃபேனப் புடுங்கிட்டுச் சொருகுதேன்" என்றாள்.

நான் பையிலிருந்து சார்ஜரை எடுப்பதற்குள் குனிந்து பெட்டியில் கை வைத்தவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். "யம்மா, இது என்ன இப்பிடிக் கொதிக்கி? இப்பமே சொருகணுமாக்கும்? செத்த நேரம் ஆறட்டுமே."

"மெசினுக்கு என்னளா?"

"மெசினுன்னா சூடு இல்லையா? எங்க வீட்டுக்காரவுக சங்கு குளிக்கப் போறவுக. முங்கி ஏறி வந்த ஒடனே சோத்த வச்சா வைவாவ. மேலு ஆறணும், மூச்சு அடங்கணும், பொறவுதான் சோறு. முங்கப் போகும்போதும் முட்ட முட்டத் திங்க மாட்டாவ. அரை வயிறுதான்."

"இன்னைக்கு எங்க அவங்க?"

"ஞாயித்துக்கெழம கடலுக்குப் போவாவளா? பூசை பாத்துட்டு வந்து, குசினில கறி வேகுத வாசத்தப் பிடிச்சிக்கிட்டுப் படுத்துருக்காவ."

சங்கு குளிப்பதற்கும் சார்ஜ் போடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. இருந்தாலும் கால் மணி நேரம் பொறுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஃபேன் காற்று சுகமாக இருந்தது. அப்புறம் அவள் ஃபேனைப் பிடுங்கிவிட்டு என் சார்ஜரைச் சொருகினாள். அடுப்புக்கு முன்னால் வேர்த்து வழிய நின்றுகொண்டு டீ ஆற்றினாள். ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை.

இரண்டு கோடு ஏறியிருக்கும். ரோட்டில் எங்கள் கடைக் குட்டியானை வந்து நின்றது. வெங்காய மூட்டைகளோடு, டிரைவருக்குப் பக்கத்தில் அண்ணன். நான் ரோட்டோரம் சக்கரம் தள்ளியதை எங்கள் வாடிக்கையாளர் யாரோ பார்த்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டிருக்கிறார். தூத்துக்குடியில் இதுவொரு தொல்லை.

"ஏளா! இங்கன என்ன செய்யுத?"

"டீ குடிக்கேன்."

அண்ணன் இறங்கி வந்தான். டிரைவரும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நாற்காலியோடு என்னைத் தூக்கி வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் வைத்தார்கள். என்னைக் கேட்காமல் என்னைத் தூக்குவதில் அவனுக்கு நாற்பது வருட அனுபவம்.

"போதும்ளா. மொதத் தேதியிலேர்ந்து நீ கடைக்கு வந்துரு. இனி இந்தப் பேச்சு வேண்டாம்."

எனக்குக் கோபத்தில் அழுகைதான் வந்தது. வெங்காயம் இருந்ததால் யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி நகரும்போது ரோசம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். "யக்கா, சார்ஜரு! சார்ஜர விட்டுட்டுப் போறீய!"

சாமி படத்துக்குப் பின்னால்

மத்தியானம் அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். வண்டியை விற்றவர்களோடு சண்டை போடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். யாரையாவது திட்டியாக வேண்டும்.

"மதினி, வண்டிக்கு வாரன்டி கார்டு குடுத்தாங்களே, எங்க இருக்கு?"

"சாமி படத்துக்குப் பொறத்தாலதான் இருக்கும். முக்கியமானதெல்லாம் ஒங்க அண்ணன் அங்கனதான வைப்பாவ."

முருகன் படத்துக்குப் பின்னால் வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் சந்தனப் பொட்டு. வாரன்டி போன மாதத்தோடு முடிந்திருந்தது. கார்டோடு ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. இரண்டையும் சேர்த்து அடித்த ஸ்டேப்ளர் பின்கூடப் பிரிக்கப்படவில்லை. இரண்டு வருடமாக அதற்கு ஊதுபத்தி காட்டியிருக்கிறோம், ஒருவரும் படிக்கவில்லை.

பொடி எழுத்து. ஆனால் என் தொழிலே பொடி எழுத்துப் படிப்பதுதான். மதினி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் தீர்ப்பு எழுதினாள்.

"ஓடி வந்ததும் சூட்டோட சார்ஜ் போடக்கூடாதாம்."

"அது ஒங்க அண்ணன்."

"வெயில் காயுத கூரைக்குக் கீழ வைக்கக்கூடாதாம். சார்ஜ் ஏறும்போது மேல எதையும் மூடக்கூடாதாம், ஆபத்தாம்."

"அதுவும் ஒங்க அண்ணன். என் ஜமுக்காளம்."

"நெறஞ்ச பொறவும் சொருகியே போடக்கூடாதாம். தினப்படி ஓட்டத்துக்கு நாலு கோடே போதுமாம். தூர தொலைக்குப் போற அன்னைக்கு மட்டும் அஞ்சு."

"ஒங்க அண்ணன்தான்."

"அடியோட தீருத வரைக்கும் ஓட்டக்கூடாதாம்."

மதினி கீரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அது நீ" என்றாள்.

நாலைந்து நாள் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் நிறைத்து வைக்கக்கூடாது, பாதியில், நிழலில் வைக்க வேண்டும் என்று கடைசியில் போட்டிருந்தது. போன தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போனபோது ஆறு நாள் ஜமுக்காளத்துக்குள் முழு சார்ஜில் அதைக் கிடத்திவிட்டுப் போனோம். புத்தகத்தை மூடும்போது எனக்கு ரோசம்மாவின் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. மேலு ஆறணும், அரை வயிறு. அந்த மனிதர் இந்தப் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அண்ணன் வந்தான். எண்ணெய் விட்டான். உப்பைத் தட்டினான். குடத்தைப் பார்த்தான். சார்ஜரைக் கையில் எடுத்தான்.

"தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் மதினி விளக்குத் திரியைத் தவறவிட்டாள்.

"வெளக்கு வைக்கித நேரத்துல என்னளா இது?"

"நீ நெறச்சி நெறச்சித்தான் அது செத்துப்போச்சு. இந்தா, புஸ்தகத்துல போட்டிருக்கு. கேக்கியா?"

"நான் கெடுத்தேன்னா சொல்லுத?"

"ஆமா. நீதான்."

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அரிசி மூட்டையின் மேல் மெதுவாக உட்கார்ந்தான். சார்ஜர் ஒயர் கையில் அப்படியே இருந்தது.

"நடுவழில நீ நின்னுரக்கூடாதுன்னுதான்ளா நெறச்சேன்" என்றான். "முன்ன மாரி எனக்கு முட்டு கேக்கல. இன்னைக்கு ஒன்னய வண்டில ஏத்தும்போதே மூச்சு வாங்கிச்சு. நீ பாத்திருக்க மாட்ட. எனக்குப் பொறவு நீ எங்கனயாவது நின்னேன்னா, யாரு தூக்குவா?"

ஐந்தாம் வகுப்புவரை இவன் முதுகில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அவன் சட்டைக் காலரில் என் பல் பதிந்த தடம் இருக்கும். மழை நாளில் தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஒரே உருவமாகப் போவோம். வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டால் வாசலில் நின்று அவன்தான் "உள்ளேன் ஐயா" சொல்லுவான். என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் வேலையை விட எனக்கு மனமில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நின்னா என்ன அண்ணே?" என்றேன். "இன்னைக்கு நின்னேன். ஒருத்தி அவளுக்கு ஓடுன ஃபேனப் புடுங்கி எனக்குப் பிளக் குடுத்தா. டீ குடிச்சேன். அவ்வளவுதான."

அவன் எழுந்தான். சார்ஜரை ஆணியில் மாட்டினான். எங்கள் வீட்டில் ஒன்றை நிறைக்காமல் விட்டு விளக்கு வைத்த முதல் சாயங்காலம் அது.

பொட்டு வைக்கலாமா?

இரண்டு நாள் கழித்து அவனாகவே வந்து, "புதுக்கோட்டைல ஒருத்தர் பேட்டரி பாக்காராம். கெளம்பு" என்றான். திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டை. மெக்கானிக் பெயர் அன்வர். பெட்டியைத் திறந்ததும் உள்ளே வரிசை வரிசையாகப் பேட்டரிகள். அதில் ஒரு வரிசையை மீட்டரால் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்கது லெட் ஆசிட். அது நெறஞ்சி இருந்தாத்தான் நல்லா இருக்கும். இது லித்தியம். நெறச்சி சூட்டுல போட்டா உள்ளுக்குள்ளயே வீணாப் போயிரும். ரெண்டையும் ஒரே மாரி பாத்திருக்கீங்க."

"பொழைக்குமா?" என்று அண்ணன் கேட்ட விதத்தில் அன்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஒரு வரிசைய மாத்திருதேன். மத்தது பரவால்ல. பழைய இருவத்தஞ்சு வராது, இருவது வரும். இனிமே ஒழுங்கா வச்சிக்கிட்டா அது பல நாளைக்கு நிக்கும்."

அண்ணன் கொஞ்சம் தயங்கினான். "வெள்ளிக்கெழம பொட்டு வைக்கலாமா?"

"பொட்டு தாராளமா வைங்க அண்ணாச்சி. போர்வைதான் வேண்டாம்."

நாலு கோட்டில் கிளம்பினால் ஒன்பது கிலோமீட்டர் போன பிறகும் இரண்டு கோடு மிஞ்சும் என்று வரும் வழியில் நான் கணக்குச் சொன்னேன். ஆபீஸில் சார்ஜ் போட இடம் வேண்டும். அப்போதே போன் போட்டு மேனேஜரைக் கேட்டேன். போர்ட்டிகோவில் நிழலில் ஒரு பிளக் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஒரு மாசம் பாப்போம். வழில ஒரு தடவ நின்னாலும் கடைதான்" என்றான்.

நாலுகோட்டு அண்ணாச்சி

அதற்குப் பிறகு அவன் அடித்த கூத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன் அவன். வண்டி ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பான். நான் சொருகினதும் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு கோட்டையே பார்ப்பான். நாலாவது கோடு விழுந்ததும் பாய்ந்து பிடுங்குவான். தகரக் கூரையின் கீழ் இருந்து வண்டி கூடத்துக்கு வந்துவிட்டது. ஜமுக்காளம் மதினியிடம் திரும்பிப் போனது.

அதோடு நின்றால் பரவாயில்லை. மதினியின் போனை எண்பதில் பிடுங்கினான். கடைக்கு வருகிறவர்கள் வெயிலில் பைக்கின் மேல் போனை வைத்திருந்தால் எடுத்து நிழலில் வைத்தான். புளி வாங்க வந்தவரிடம், "ராத்திரி பூரா சார்ஜ்ல போடுதியளா? போனத் தலகாணிக்கு அடியில வச்சிப் படுக்கியளா?" என்று விசாரணை நடத்தினான். ஒரு வாரத்தில் அவனுக்கு நாலுகோட்டு அண்ணாச்சி என்று பெயர் விழுந்துவிட்டது.

பிறகு ஒரு நாள், மாதாந்திர மின்தடை. காலையில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் அரை மணி நேரம் முனகிவிட்டு அதுவும் போனது. ஒன்பது வருடத்தில் நடக்காத விஷயம். பார்த்தால், நல்லது செய்வதாக நினைத்து, அதன் சார்ஜையும் இரண்டு வாரமாகப் பாதியிலேயே அணைத்து அணைத்து வைத்திருக்கிறான்.

மதினி விசிறியோடு அவன் முன்னால் வந்து நின்றாள். "ஒண்ண நெறச்சிக் கெடுத்திய. இன்னொண்ணக் கொறச்சிக் கெடுக்கியளா?"

அன்றே இரண்டு அட்டை வெட்டினான். கடையில் விலை எழுதும் பட்டை மார்க்கரால் இன்வெர்ட்டரில் 'நிறைய' என்றும் வண்டியில் 'நாலு' என்றும் எழுதி ஒட்டினான். இன்றும் இருக்கிறது. இன்வெர்ட்டரும் பிழைத்துக்கொண்டது.

முதல் தேதி

முதல் தேதி காலையில் நாலு கோடு, பெட்டி குளுகுளுவென்று இருந்தது. "போயிட்டுப் போன் போடு" என்று மட்டும் சொன்னான் அண்ணன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஊரைத் தாண்டி உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் கண்ணாடியில் பார்த்தால், நூறு அடி பின்னால் அவன் பைக். லாரிகளுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வந்துகொண்டிருந்தான்.

ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வேறு வழியில்லாமல் பக்கத்தில் வந்தான்.

"எங்க அண்ணே போற?"

"உப்பு பாக்கப் போறேன். கடைக்கு."

"நம்ம ஜாடிதான் நெறஞ்சி கெடக்கே."

மூக்கைச் சொறிந்தான். "லாரி வரும்போது ஓரமாப் போ" என்று சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பினான். மீதித் தூரம் நான் தனியாகப் போனேன். பாத்திகளில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். காற்று எதிரே அடித்தது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆபீஸ் கேட்டில் திரையைப் பார்த்தேன், இரண்டு கோடு. முன் சக்கரத்தையும் பெட்டியையும் கழற்றி நிழலில் விட்டு, ஒரு மணி நேரம் ஆறிய பிறகு சொருகி, நாலில் பிடுங்கினேன்.

சாயங்காலம் திரும்பும்போது வழியில் ஓலைப்பந்தல் வந்தது. ரோசம்மா கையை ஆட்டினாள். காலையிலேயே பையில் வைத்திருந்த கால் கிலோ மக்ரூனை அவளிடம் நீட்டினேன். "சார்ஜ் வேணுமா யக்கா?" என்று ஃபேன் பிளக்கில் கை வைத்தாள். "ஒண்ணும் வேண்டாம். ஃபேன் ஓடட்டும். ஒரு டீ போடு" என்றேன். அவள் வீட்டுக்காரரும் இருந்தார். அன்று எத்தனை சங்கு கிடைத்தது, கடலடியில் எந்தப் பாரில், அதாவது எந்தப் பாறைத்திட்டில், தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்றெல்லாம் பேசினோம். பேச்சு சுவாரசியத்தில் அரை மணி நேரம் போனதும், பையில் போன் அடித்ததும் எனக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். விளக்கு வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தான். என்னைக் கண்டதும் இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

"நின்னுருச்சா?" என்றான்.

"இல்ல அண்ணே. நான்தான் நிப்பாட்டுனேன். டீ குடிச்சேன்."

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். இரண்டு கோடு. காய்ச்சல் பார்க்கிறவனைப் போலப் புறங்கையால் பெட்டியைத் தொட்டான். "சூடா இருக்கு. ஆறட்டும்" என்றான்.

நான் வீட்டு வாசலில் முன் சக்கரத்தைக் கழற்றினேன். பின் கைப்பிடிக்கு அவன் கை வரும் என்று பழக்கத்தில் முதுகு காத்திருந்தது. வரவில்லை. அவன் சரிவில் ஏறி, விளக்குக்கு எண்ணெய் விட உள்ளே போய்க்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. நான் இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளி, அவன் எனக்காகக் கட்டிய சரிவில் மெதுவாக ஏறிப் போனேன்.